ஊளையிட்ட கிட்டார்

1969-இல் ராயபுரத்தில் நடந்த ஒரு கல்யாண விருந்தில், பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து ஓடினாள் ஜெரினா. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பாள்.

அன்றைக்கு மைக் செட் போட்டிருந்தவர் ஷாகுல் ஹமீது. கப்பலில் வேலை பார்த்த அவருடைய மச்சான் ஒரு கட்டு ரெக்கார்டுகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதிலிருந்து ஒன்றை, என்ன ஏதென்று பார்க்காமல் சுழலவிட்டுவிட்டார். வென்ச்சர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் எல்.பி. ரெக்கார்டு அது. முழுக்கக் கிட்டார்தான், ஒரு வரி பாட்டு கிடையாது. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அவர் முள்ளைத் தூக்கப் போன நேரத்தில் எச்சில் கையோடு வந்து நின்றாள் ஜெரினா.

"அத்த எடுக்காத பாய். இந்தப் பக்கம் முடியட்டும்."

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் கல்மண்டபம் பக்கத்தில் இருந்த அவருடைய மைக் செட் கடைக்கே போய்விட்டாள். அந்தக் கட்டில் ஷேடோஸ் என்ற ஆங்கிலேயக் குழுவின் எல்.பி. ஒன்றும் இருந்தது. அதில் கிட்டார் வாசித்த ஹாங்க் மார்வின் அவளைப் பைத்தியமாக்கினார். வென்ச்சர்ஸ் வாசித்தால் பேசின் பிரிட்ஜ் தாண்டி வேகமெடுக்கும் ரயில் மாதிரி இருந்தது. மார்வின் வாசித்தால் ஒவ்வொரு சுரமும் அலசிக் கவிழ்த்த பாத்திரம்போலப் பளிச்சென்று தனியாக நின்றது. அதுவரை பாடுகிறவர்களுக்குப் பின்னால் தட்டிக்கொடுக்கும் வாத்தியம் என்றுதான் கிட்டாரை நினைத்திருந்தாள். அது முன்னால் வந்து நிற்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கற்றுக்கொள்ள ஆளில்லை. ஷாகுல் ஹமீதுதான் வழி கண்டுபிடித்தார். அவருடைய பிளேயரில் பதினாறாம் வேகம் என்று யாருமே தொடாத ஒரு குமிழ் நிலை இருந்தது. எல்.பி.யை அதில் ஓட்டினால் பாதி வேகத்தில் சுற்றி, கிட்டார் தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல இழுத்து இழுத்துக் கேட்கும். விரல் எங்கே போகிறது என்று பிடித்துவிடலாம். கம்பியை வளைத்துச் சுரத்தை மேலேற்றும் இடங்களில் மட்டும் அவளுடைய தடித்த கம்பி மசியவில்லை. முதல் கம்பியைக் கழற்றிவிட்டு மாண்டலின் கம்பியை மாட்டிப் பார்த்தாள். வளைந்தது. அன்று கடையில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

மின்சாரக் கிட்டார் வாங்குவதெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாத காலம். பழைய டெலிபோன் ரிசீவருக்குள் இருந்த காந்தச் சுருளை எடுத்துக் கம்பிகளுக்கு அடியில் பொருத்தி, ஒயரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினார் ஷாகுல் ஹமீது. ஜெரினா ஒரு சுரத்தை மீட்டினாள். அடுத்த நொடி கூம்பு ஸ்பீக்கர் ஊளையிட ஆரம்பித்தது. எதிர்க்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். ஷாகுல் ஹமீது சுவிட்சை அணைக்கப் பாய்ந்தார்.

ஜெரினா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கரை விட்டுக் கொஞ்சம் திரும்பினாள், ஊளை மெலிந்தது. கம்பியை வளைத்தாள், ஊளையும் கூடவே வளைந்து மேலேறியது. விரலை எடுக்காதவரை அந்தச் சுரம் சாகவே இல்லை.

"இத்த வுட்றக் கூடாது பாய். இது என் கையில நிக்குது."

சாவு ஊர்வலங்களுக்கு டிரம் அடித்துக்கொண்டிருந்த ஞானத்தை அவள் சேர்த்துக்கொண்டது அதற்குப் பிறகு. இரண்டு பேரும் வாசித்துப் பழகி, 1971 கிறிஸ்துமஸுக்கு முன்பு பெரம்பூரில் ஆங்கிலோ-இந்தியர்கள் நடத்திய ஒரு நடன விருந்தில் வாய்ப்புக் கேட்டுப் போனார்கள். யார் பாடுவது என்று கேட்டார் ஏற்பாட்டாளர். பாடகர் இல்லையென்றதும் முகம் சுளித்து, வேண்டுமானால் இடைவேளையில் வாசிக்கலாம் என்றார். எல்லாரும் கட்லெட் சாப்பிட வெளியே போயிருக்கும் நேரம்.

ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள். ஒரே ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜெரினாவின் அப்பா பாஸ்கல். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, வின்ச் இயந்திர இரைச்சலில் காது பாதி போனவர். மகள் கோயிலில் வாசித்ததை எத்தனையோ வாரம் பார்த்திருக்கிறார், கேட்டதில்லை.

முதல் மெட்டு முடிவதற்குள் சிலர் கோப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். இரண்டாவது மெட்டில் ஞானம் வேகத்தைக் கூட்டினான். ஜெரினா ஸ்பீக்கர் பக்கம் திரும்பி அந்த ஊளையைக் கிளப்பிவிட்டாள். அது கூரைவரை ஏறி, அங்கேயே நின்று, அவள் விரல் அசைவுக்கு நெளிந்தது. கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு ஜனங்கள் ஆடத் தொடங்கினார்கள். நடுவில் பாஸ்கல் எழுந்து நின்றார். மெட்டு முடிந்ததும் மேடையோரம் வந்து, காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில் சொன்னார்:

"ஜெரினா, கேட்டுச்சும்மா. எனக்கு நல்லா கேட்டுச்சு."

அதற்குமேல் அவளால் கொஞ்ச நேரம் வாசிக்க முடியவில்லை. ஞானம் தனியாக அடித்துச் சமாளித்தான். இடைவேளை முடிந்தும் ஜனங்கள் அவர்களை இறங்கவிடவில்லை.

பிறகு அழைப்புகள் வந்தன. பெரம்பூர், பல்லாவரம், ஒருமுறை பெங்களூர் வரைகூடப் போனார்கள். 1973-இல் அவளும் ஞானமும் கல்யாணம் செய்துகொண்டார்கள். தீப்பெட்டி வேலையை மட்டும் அவள் விடவில்லை.

1976-இல் ஷாகுல் ஹமீதின் மச்சான் மறுபடி கரைக்கு வந்தபோது ஜெஃப் பெக் என்ற ஆங்கிலேயரின் எல்.பி. ஒன்றைக் கொண்டுவந்தான். அதிலும் பாட்டு இல்லை. ஆனால் இந்தக் கிட்டார் கெஞ்சியது, சண்டை போட்டது, வாய்க்குள் முனகிக்கொண்டது. ஜெரினா தரையில் உட்கார்ந்து கேட்டாள். இதையும் வாசித்துக் காட்டு என்றான் ஞானம். அவள் மறுத்துவிட்டாள்.

"அது அந்தாளு பேசுறது. நான் பேசுறத நான் வாசிக்கணும்."

அந்த மழைக்காலம் முழுக்க மெட்டுகள் கட்டினாள். எண்ணூர் முகத்துவாரத்தில் ஆறும் கடலும் முட்டிக்கொள்ளும் இடத்துக்கு ஒன்று, ஷிப்ட் முடிந்து பெண்கள் கூட்டமாய் வெளியே வரும் வேகத்துக்கு ஒன்று. அடுத்த ஆண்டு கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் அவற்றை ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவாளர் ஊளைச் சத்தத்தைக் கேட்டு, ஒயரில் கோளாறு என்று நிறுத்தப் போனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஜெரினா நிறுத்த வேண்டாமென்று தலையை ஆட்டினாள். சிரித்துக்கொண்டே வாசித்து முடித்தாள். அந்த நாடாவில், கடைசி மெட்டின் முடிவில், ஞானம் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டுவதும் பதிவாகியிருக்கிறது.