குளியலறைக் கதவின் இரண்டு ஸ்குரு

வெள்ளிக்கிழமை வந்தால் வாளித் தண்ணீரில் ஒரு பிடி கல் உப்பும் கொஞ்சம் மஞ்சளும் கரைத்து, வீட்டில் ஒரு கதவு விடாமல் துடைத்துவிடுவேன். கண் திருஷ்டி கழிய வேண்டுமே! குளியலறையின் அலுமினியக் கதவுக்கும் அதன் பூட்டுக்கும் அதே தண்ணீர்தான்.

இத்தனைக்கும் மலாக்காவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலையே அலுமினியப் பெட்டிகளில் இரும்பு ஸ்குரு முடுக்குவதுதான். முடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு ஸ்குருவிலும் சாம்பல் நிறக் கிரீஸைத் தடவ வேண்டும். தடவாவிட்டால் ஈரமும் உப்பும் இறங்கி, அலுமினியம் வெள்ளையாய்ப் பொடி பூத்து, ஸ்குருவைக் கவ்விக்கொள்ளும். புதுப் பெண்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் வலித்திருக்கிறது. வீட்டில் அந்தக் குளியலறைப் பூட்டை மாட்டியது என் வீட்டுக்காரர். அவருக்குக் கிரீஸாவது ஒன்றாவது!

அன்று எனக்கு மதிய ஷிப்ட். அவர் லோரி எடுத்துக்கொண்டு ரெம்பியா பக்கம் போய்விட்டார். பெம்பானில் இருக்கும் எங்கள் வீட்டில் நானும் மூன்று வயதுகூட ஆகாத என் மகளும்தான். அடுப்பில் சோற்றை ஏற்றிவிட்டு, அவளை டிவி முன்னால் உட்காரவைத்து, ஒரு வாளி ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டுக் கைப்பிடியைத் திருகினால் அது சும்மா சுற்றியது. பூட்டின் நாக்கு உள்ளே போகவில்லை. கதவை இழுத்தேன், உதைத்தேன், அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் கத்தினேன். இரண்டு பக்கத்து வீட்டிலும் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். போன் கட்டிலில் கிடந்தது.

"மா, கதவு தெற," என்று மகள் வெளியே வந்து நின்றாள்.

"வந்துட்டேன்டி தங்கம். நீ இங்கயே உக்காரு. அடுப்புக்கிட்ட போவக்கூடாது, தெரியுதா?"

பூட்டின் தகட்டைக் கழற்றினால் விரலை விட்டு நாக்கைத் தள்ளிவிடலாம். தகட்டில் இரண்டே ஸ்குரு. நகவெட்டியின் முனையை வைத்துத் திருகினேன். அசையவில்லை. ஸ்குருத் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி. சனியன் பிடித்த உப்பு! தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றினேன், குதிகால் தேய்க்கும் கல்லால் தட்டினேன், ஹீட்டரைத் திருகி ஸ்குருவின் மேலேயே சுடுதண்ணீரை அடித்தேன். சூட்டில் இரும்பைவிட அலுமினியம் அதிகம் விரியும். அந்த ஒரு நம்பிக்கைதான்.

ஆவியில் மூச்சு முட்டியது. சோறு அடிப்பிடிக்கும் வாடை வேறு. முதல் ஸ்குரு முனகிக்கொண்டு சுற்றியபோது மகளுக்குச் சலித்துவிட்டது. எழுந்து போகிற காலடி கேட்டது. அவளை எப்படியாவது விளையாட்டில் பிடித்துவைக்க வேண்டும்.

"தங்கம், அம்மாவுக்குப் பசிக்குதுடி. சோறாக்கிக் கொண்டாறியா?"

அவளுக்குச் சின்னதாய் ஒரு பிளாஸ்டிக் சட்டி உண்டு. தினமும் அதில் எனக்குச் சோறாக்குவாள். கதவோரம் கொண்டுவந்து உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஓகே மா," என்றாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. சமையற்கட்டுப் பக்கம்.

"வேணாம்டி! அம்மாவுக்குப் பசிக்கல! இங்க வா!" என்று அலறினேன். இரண்டாவது ஸ்குருவில் நகவெட்டி வழுக்கி விரலைக் கிழித்தது. ஐயோ கடவுளே என்று தகட்டையே இரண்டு கையாலும் பிடித்து வளைத்தேன். ஸ்குரு முறிந்து தெறித்தது. நாக்கைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

நாற்காலியின் மேல், எரிகிற அடுப்புக்கு முன்னால், ஒரு கையில் தட்டும் ஒரு கையில் கரண்டியுமாக நின்றுகொண்டிருந்தாள். கவுனின் ஓரம் நெருப்பை ஒட்டி ஆடியது. வாரித் தூக்கிக்கொண்டு அடுப்பை அணைத்தேன். அவளோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் தட்டை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். கருகிய சோறு, ஒரே ஒரு கவளம்.

"சூடு மா. ஊதிச் சாப்புடு."