கதியால் நடாத வேலி

அன்று குளத்து மதகடியில், மருதமரத்தின் கீழ் இருந்தவர்கள் ஆறு பேர். வேலிக்கும் தண்ணீருக்கும் பொறுப்பான வட்டவிதானை. எனக்கு இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்குத் தந்திருந்த கமக்காரர். என் வயலுக்கு அடுத்த வயலின் சொந்தக்காரி, எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர். அந்த அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறி வந்தவர், புருஷனை இழந்தவர். கீழ்வயல் செய்த, காது மந்தமான பெரியவர். என் மனைவியின் அண்ணன். ஆறாவது நான்.

மச்சானுக்கு அந்த வயல்வெளியில் ஒரு வரம்புகூடச் சொந்தமில்லை. என்னிடம் பதில் வாங்க வந்திருந்தார். வீட்டில் வைத்துக் கேட்டால், ஆட்டுக்குக் குழை வெட்டவேண்டும், வாளியைத் தேடவேண்டும் என்று நான் எழும்பிப் போய்விடுவேன். அதனால் எழும்ப முடியாத இடத்தில் வந்து பிடித்திருந்தார்.

கூட்டம் மாரி மழையை நம்பி விதைக்கும் காலபோகத்துக்கானது. எப்போது விதைப்பு, எப்போது மதகு திறப்பு, எதற்கு முன் வேலி அடைத்து முடிப்பது என்றெல்லாம் அதில்தான் முடிவாகும். எங்கள் வெளியில் வயலுக்கு வயல் வேலி கிடையாது. சுற்றிவர ஒரே வேலி. யாருக்கு எவ்வளவு வயலோ அவருக்கு அவ்வளவு வேலிப் பங்கு. என் பங்கு காட்டுப் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் மாடு என் பயிரோடு நிற்காது. யார் வயல் என்று அதற்குத் தெரியுமா?

“தம்பி, காட்டுப்பக்க வேலி உம்மட பொறுப்பு. ஓமோ?” என்றார் வட்டவிதானை.

“ஓமுங்க” என்றேன். அந்த ஊரில் ‘ஓம்’ சொல்லப் பழகியிருந்தேன். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த ‘ங்க’வைத்தான் விட முடியவில்லை.

மச்சான் என் காதருகே குனிந்தார். “அவருக்கு ஓம் சொல்லிட்டீங்க. எனக்கு எப்ப சொல்லப் போறீங்க?”

எழுபத்தேழுக் கலவரத்தில் நாங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். லயத்துக் கதவைப் பூட்டினோமா இல்லையா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை; அவ்வளவு அவசரமாக வந்தோம். நெடுங்கேணிக்கு அந்தப் பக்கம் காட்டோரமாக எங்களைப்போலப் பல குடும்பங்கள் கொட்டில் போட்டு இருந்தன. எல்லாருக்கும் கூலிவேலை அல்லது குத்தகை வயல். இந்தியாவுக்குப் போக என் தகப்பனார் காலத்தில் எழுதிக் கொடுத்திருந்த மனு, நாங்கள் மறந்துபோன பிறகு, கைகூடி வந்தது. எனக்கும் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் போகலாம் என்றாகிவிட்டது. மச்சான் குடும்பத்துக்கும் அப்படியே.

அதற்குமேல் மச்சான் ஒரு வேலையும் கொண்டுவந்திருந்தார். அங்கே தமிழ்நாட்டில் ஒரு நூல் மில். சிலோனிலிருந்து போகிறவர்களுக்கு, குடும்பத்துக்கு ஒரு ஆளுக்கு வேலை, இருக்க ஒரு அறை. முன்னால் போன அவருடைய சகலை இரண்டு இடம் சொல்லி வைத்திருந்தார். தீபாவளிக்கு முன் பதில் சொல்லவேண்டும். தைப்பொங்கலுக்கு முன் கப்பல்.

வேறொருவன் என்றால் சந்தோஷப்பட்டிருப்பான். நான் கேள்வி கேட்கத் தொடங்கினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே உத்தியோகம் தோட்டம். அதனால் மில்லையும் தோட்டத்தால்தான் அளந்தேன்.

“பெரட்டு எத்தனை மணிக்கு? நேரங் கழிச்சுப் போனா வெரட்டிடுவாங்களா?”

“மணிக்குச் சங்கு ஊதும் மச்சான். பெரட்டெல்லாம் இல்ல.”

“மழைக்கு நின்னா அரைப் பேரா?”

மச்சான் என்னைப் பார்த்தார். தோட்டத்தில் காலையில் ஆளெண்ணி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்போம், பாதி நாள் கூலியை அரைப் பேர் என்போம். “கூரைக்குள்ள வேலை. மழை எங்கேருந்து வரும்? நீங்க மில்லுக்குப் போறீங்களா, கொழுந்தெடுக்கப் போறீங்களா?”

“பஞ்சு பறக்குமே. சின்னவளுக்கு இளைப்பு.”

“அவளா மில்லுல வேலை செய்யப் போறா?”

“என் சட்டையில ஒட்டிக்கிட்டு வராதா?”

மச்சான் எழும்பினார். ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கும் பதில் தெரியாது.

சின்னவளின் இளைப்புதான் என்னைத் தின்றது. முந்திய வருஷம் அவளை முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். மூச்சு சீரான பிறகு, பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் கடற்கரைக்குப் போனோம். மலையில் பிறந்த எங்களுக்கு அதுதான் முதல் கடல். மனைவி கால் நனையாத தூரத்திலேயே நின்றாள். பிறகு, “இதையா தாண்டிப் போறது?” என்றாள். இது வேறு பக்கத்துக் கடல், கப்பல் போவது மன்னார்ப் பக்கம், அங்கே தூரம் கொஞ்சம்தான் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன். “தண்ணி தண்ணிதானே” என்றாள்.

ஆனால் அண்ணன் போகிறார் என்றதும் அவளுடைய பயம் எங்கேயோ போய்விட்டது. சட்டிபானைகளில் எதை விற்கலாம், எதைக் கொண்டுபோகலாம் என்று குசினிக்குள் பிரித்து வைக்கத் தொடங்கினாள். அவளுக்கு அங்கே அண்ணன் இருப்பார். எனக்கு இங்கே யார் என்று பார்த்தால் இரண்டு ஏக்கர் குத்தகை வயல். அதுவும் என்னுடையதல்ல.

விதைப்பு நெருங்கியது. வேலி அடைக்கவேண்டும். வன்னியில் வேலி அடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பூவரசிலோ கிளுவையிலோ தடி வெட்டி, பச்சையாக நடுவார்கள். கதியால் என்பார்கள் அதை. மாரி மழைக்கு வேர்விட்டுத் துளிர்த்துவிடும், பிறகு அசையாது. அவசரத்துக்கு வேறொரு வேலியும் உண்டு. காய்ந்த கட்டையை ஊன்றி, முள்ளும் சிறு கிளையுமாய் அலம்பலைக் குறுக்கே அடைத்துக் கட்டுவது. ஒரு போகத்துக்குத் தாங்கும். நான் ஒருவன்தான் அலம்பல் வேலி போட்டேன் என்றில்லை. கீழ்வயல் பெரியவரும் ஒரு துண்டு அப்படித்தான் போட்டிருந்தார்.

ஆனால் நான் கதியால் வெட்டத்தான் கத்தி எடுத்துக்கொண்டு போனேன். பூவரசின் கீழ் நின்று ஒரு தடியைப் பிடித்தேன். நட்டால் இது துளிர்க்கும். துளிர்க்கும்போது நான் எங்கே இருப்பேன்? அடுத்த மாரியில் இதன் நிழலில் வேறு யாரோ நின்று வெற்றிலை போடுவான். இப்படி நினைத்து நினைத்துக் கை தடியை விடவும் இல்லை, வெட்டவும் இல்லை. கடைசியில் காட்டுக்குள் விழுந்து கிடந்த காய்ந்த கட்டைகளை இழுத்து வந்து ஊன்றினேன்.

கமக்காரர் சைக்கிளை வரம்பில் சாய்த்துவிட்டு வந்து பார்த்தார்.

“என்ன தம்பி, உது வேலியோ, விறகு அடுக்கோ?”

“தாங்கும் ஐயா.”

“தாங்கும், தாங்கும். கப்பல் வருமட்டும் தாங்கும்.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. “ஆரய்யா சொன்னது?” என்று கேட்டேன்.

“ஆரும் சொல்லத் தேவையில்லை. இருக்கிறவன் கதியால் நடுவான். நீர் கட்டை நட்டிருக்கிறீர்.” ஒரு கட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “அடுத்த போகத்துக்கு நான் வேற ஆள் பாக்கட்டோ? சொன்னால் போச்சுது. கோவிக்க மாட்டன்.”

போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இருக்கிறேன் என்று சொல்லவும் வரவில்லை. “பாப்பம் ஐயா” என்றேன். அவர் சிரித்தார். “ஓம், மாடும் அப்பிடித்தான் பாத்துக்கொண்டு நிக்கும்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன் மச்சான் வந்து முற்றத்தில் குந்தினார். மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள். “பேரக் கொடுங்க மச்சான்” என்றேன். அவள் திரும்பிப் போனபோது முந்தானையால் முகத்தைத் துடைத்ததைப் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானமே போய் என் வயலில் களை பிடுங்கினேன். போகிறவனுக்குக் களை என்ன, பயிர் என்ன? ஆனால் கை சும்மா இருந்தால் மனம் மில்லுக்குள் போய் அங்கே பஞ்சைப் பார்க்கும்.

மார்கழியில் விடாமல் பெய்தது. குளம் நிறைந்து வழிந்து வான் பாய்ந்தது. காட்டுப் பக்கமிருந்து வந்த வெள்ளம் என் கட்டைகளின் அடி மண்ணைக் கரைத்துவிட்டது. ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது வேலி படுத்துக் கிடந்தது. கட்டாக்காலி மாடுகள் ஒரு பட்டியே உள்ளே நின்றது. என் வயலில் கொஞ்சம்தான் தின்றிருந்தன. அக்காவின் வயல் மேட்டில் இருந்ததால் தண்ணீர் நிற்காமல் கதிர் நன்றாகத் தள்ளியிருந்தது. மாடுகள் அதைத்தான் கண்டுபிடித்திருந்தன. அதே வெள்ளம் கமக்காரர் பங்கு வேலியிலும் அடித்தது. கதியால்கள் தலையை மட்டும் சாய்த்துக்கொண்டு நின்றன.

மறுபடியும் மருதமரத்தின் கீழ் அதே ஆறு பேர். வட்டவிதானை ஒரு தடியோடு அக்காவின் வயலை நடந்து பார்த்துவிட்டு வந்து, “இருபது புசல் நெல்லுப் போயிருக்கும்” என்றார். வேலிப் பங்கு யாருடையதோ நட்டமும் அவருடையது. அது அந்த வெளியின் வழக்கம். யாரும் என்னை ஏசவில்லை. காது மந்தமான பெரியவர் மட்டும், “என்னவாம், கப்பல் போயிட்டுதாமோ?” என்று சத்தமாகக் கேட்டார்.

அக்கா குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். “நெல்லாய் வேண்டாம் தம்பி. இண்டைய விலைக்குக் காசாய்த் தாரும். உடனை வேண்டாம். ஆறுதலாய்த் தாரும்” என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, “ஆனால் தாரும். எனக்கும் ஒரு பெடியன் இருக்கிறான், படிப்பிக்க வேணும்” என்றார்.

அன்றைய விலைக்கு அது ஆயிரத்து நூறு ரூபா வந்தது. என் கொட்டிலையும் ஆடுகளையும் என்னையும் சேர்த்து விற்றாலும் அவ்வளவு வராது.

மச்சான் வீட்டுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “இன்னும் மூணு கிழமை. பேசாம இருங்க. கப்பல்ல ஏறிட்டா எவன் கடலத் தாண்டி வந்து நெல்லு கேக்கப் போறான்?”

எனக்கு அது கெட்ட யோசனையாகப் படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நான் மனைவியைப் பார்த்தேன். போகவேண்டும் என்று பிரித்து வைத்த சட்டிபானைகளுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் போகலாம் என்று சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன்.

“நீ போ அண்ணே” என்றாள். “ஓடுறது ஒருத்தன். பேரு நம்ம ஆளுக எல்லாத்துக்கும். நாளைக்கு இந்தக் காட்டோரத்துல இருக்கிறவங்க யாராச்சும் குத்தகை கேட்டுப் போனா, தோட்டத்து ஆளா, வேணாம்பாங்க. அந்த அக்காதான் இவளுக்கு இளைப்பு வந்தப்ப வண்டி புடிச்சுக் கொடுத்தது.”

“அப்ப உன் பிள்ளைங்க?”

“இங்கதான் இருக்குதுங்க.”

மச்சான் என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க?” அப்போதும் நான், கடனை அடைத்துவிட்டு அடுத்த வருஷம் வரலாமா, இடம் வைத்திருப்பார்களா என்றுதான் கேட்டேன். “மில்லு என்ன, உங்க மாமன் வீட்டுக் கதிரையா, துண்டு போட்டு வைக்க?” என்றார். கோபத்தில் சொன்னாலும் அவர் கண் கலங்கியிருந்தது.

நெடுங்கேணிச் சந்தியில் வவுனியா பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டோம். அங்கிருந்து போய்த் தலைமன்னார் ரயில் பிடிக்கவேண்டும். மனைவி பிரித்து வைத்திருந்த பித்தளைக் குடத்தை அண்ணியிடம் கொடுத்துவிட்டாள். பஸ் போன பிறகு வெறுங்கையை என்ன செய்வது என்று தெரியாமல் சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தூக்குகிற வயதைச் சின்னவள் தாண்டியிருந்தாள்.

கமக்காரர் அடுத்த போகத்துக்கும் வயலை எனக்கே தந்தார். வேறு ஆள் பார்க்கவில்லையா என்று கேட்டேன். “கடன் உள்ளவன் ஓட மாட்டான். உம்மைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு எங்கை கிடைக்கும்?” என்றார். பகிடியா மெய்யா என்று தெரியவில்லை. அந்த வருஷம் காட்டுப் பக்கம் முழுக்கப் பூவரசங் கதியால் நட்டேன். துளிர்த்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்ததென்று எழுத முடியாது. சின்னவள் இருமும்போதெல்லாம், மில்லுக்குப் போயிருந்தால் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா என்ற யோசனை வரும். இன்னும் வருகிறது.

ஒவ்வொரு போகமும் சூடு மிதித்து நெல்லை விற்ற கையோடு கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பிறகு கப்பல் நின்றது. ஊர் நிலைமை கெட்டது. ஒரு போகம் விதைக்கவே முடியவில்லை. கொடுப்பதும் விட்டு விட்டுப் போனது. அக்கா கேட்டதேயில்லை.

எண்பத்தாறிலோ ஏழிலோ ஒருநாள் அவர் எங்கள் வேலிப் படலைக்கு வந்து நின்றார். கையில் ஒரு பை. மகன் ஜேர்மனிக்குப் போய்விட்டானாம், தாயைக் கூப்பிடுகிறானாம். “போறதோ விடுறதோ எண்டு மூண்டு மாசமாய் நித்திரை இல்லை தம்பி. அந்தக் குளிருக்குள்ளை நான் என்ன செய்யப் போறன்?” என்றார். அதைக் கேட்க என்னைத் தேடி வந்தவர் அவர் ஒருவர்தான். மனைவி கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் இருக்கவில்லை.

மிச்சக் காசைப் பற்றிப் பேச்செடுத்தேன். “வந்து வாங்கிறன்” என்றார். விலாசம் கேட்டேன். போய்ச் சேர்ந்தால்தானே விலாசம் என்றார்.

அவர் வரவில்லை. அவருடைய வயல் யாருக்குக் கைமாறியது, அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லக்கூடிய ஒருவரும் இப்போது அங்கே இல்லை. நான் அவருக்குக் கொடுக்கவேண்டியது இருநூற்று அறுபது ரூபா.