ஆர்டிஸ் கேட்கும் கையெழுத்து

துணி மாட்டும் கிளிப்புகள் இரண்டைப் பல்லில் கடித்தபடியே ஆர்டிஸ் அடுத்தவரைக் கூப்பிடுகிறார்: "வாங்க, வாங்க, பேனா ரெடியா இருக்கு!" அமெரிக்காவில் வட டகோட்டா மாநிலத்தின் காற்றுக்குக் காகிதம் என்றால் இளக்காரம். கையெழுத்துத் தாள் வைத்த அட்டையின் கீழ் மூலைகளில் கிளிப்பை மாட்டிவிட்டு நிமிர்கிறார். முப்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டும் குரல். விதைக்கடை வாசலில் நின்று பேசினால் எதிரே பெட்ரோல் பங்கில் இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார்.

பள்ளிக்கு விடுமுறை. கோடை முழுவதும் இதுதான் வேலை; சம்பளம் கிடையாது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை பற்றி மாநில அரசியல் சட்டத்தில் இருக்கும் வாசகத்தை இன்னும் இறுக்கமாக எழுத வேண்டும். அதை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரக் கையெழுத்துகள் வேண்டும். "சட்டத்துல ஒரு வரி இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா தொளதொளன்னு இருக்கு. ஸ்க்ரூவை நாமதான் டைட் பண்ணணும். சட்டசபைக்காரன் பண்ணுவான்னு உக்காந்திருந்தா நம்ம தலை நரைச்சிடும்." சொல்லிவிட்டுத் தன் வெள்ளை முடியைத் தானே தடவிக்கொள்வார்.

காரணம் கேட்டால் ஒரு பனிக்காலத்தைச் சொல்வார். கணவர் மருத்துவமனையில். பண்ணை வீட்டில் ஆர்டிஸ் தனியாக. பின்கதவின் பிடியை எவனோ திருகினான். "கையில துப்பாக்கி இருக்குன்னு கத்தினேன். ஓடிட்டான். ஷெரீப் போலீஸ் வந்து சேர்றதுக்குள்ள நான் காபி போட்டு, குடிச்சு, டம்ளரைக் கழுவியும் வச்சிட்டேன்."

எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவதில்லை. இளம் ஆசிரியை ஒருத்தி முகம் சிவக்கக் கேட்டாள்: "பிள்ளைங்க ஏறுற பஸ்ஸை ஓட்டறீங்க. உங்களுக்கு மனசு உறுத்தலையா?" ஆர்டிஸ் கோபப்படவில்லை. "என் பஸ்ல ஏறுற ஒவ்வொண்ணு பேரும் எனக்குத் தெரியும்மா. அதுங்களை நெனச்சுதான் நான் நிக்கறேன். அதுங்களை நெனச்சுதான் நீயும் மாட்டேங்கறே. வெயிலா இருக்கு, தண்ணி குடிச்சிட்டுப் போ." அவள் குடித்தாள், கையெழுத்துப் போடவில்லை.

மனுவை ஒப்படைக்கச் சில நாட்களே இருந்த ஒரு சனிக்கிழமை வெர்லின் வந்தார். ஆர்டிஸின் பள்ளித்தோழி டெலோரஸின் கணவர். அவர் தன் பெயரை எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார் ஆர்டிஸ். அந்நேரம் குழந்தை வண்டியோடு வந்த ஒரு பெண் கடைக்கதவில் சிக்கிக்கொள்ள, கதவைப் பிடிக்க ஓடினார். மாலையில் வீட்டு மேசையில் தாளைப் பார்த்தபோது வெர்லின் பெயருக்குக் கீழே டெலோரஸின் பெயர். அதே சாய்ந்த எழுத்து.

தன் கண்முன் போட்ட கையெழுத்துகள்தான் இவை என்று நோட்டரி முன்னால் ஆர்டிஸ் சத்தியம் செய்தாக வேண்டும். கையெழுத்து இயக்கத்தின் வட்டாரப் பொறுப்பாளர் கிரெய்க்குக்குப் போன் போட்டார்.

"விடுங்க ஆர்டிஸ். புருஷன் பொண்டாட்டிதானே? யார் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப்போறா?"

"நான் பாத்துட்டேனே."

பெயரை அடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் டெலோரஸ் தன் கையாலேயே போட்டுத் தந்துவிடுவாள் என்பதில் ஆர்டிஸுக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிறன்று தேவாலயம் முடிந்ததும் புதுத் தாள் ஒன்றும் சேர்த்து எடுத்துக்கொண்டு நேரே அவர்கள் பண்ணைக்கு வண்டியை விட்டார்.

டெலோரஸ், ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு போட்ட கேக்கை வெட்டி வைத்தாள். தாளைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"கிறிஸ்துமஸ் கார்டுல எல்லாம் எனக்கும் சேர்த்து இவன்தான் கையெழுத்துப் போடுவான். அந்தப் பழக்கத்துல இதுலயும் போட்டுட்டானா?"

"நீ ஒத்துப்பேன்னு நெனச்சேன்," என்றார் வெர்லின்.

"கேட்டியா?"

வெர்லின் காபியைக் கலக்க ஆரம்பித்தார். அதில் அவர் சர்க்கரையே போட்டிருக்கவில்லை.

"ஆர்டிஸ், எங்க டேலை நீ மறந்திருக்க மாட்டே," என்றாள் டெலோரஸ். டேல் அவளுடைய தம்பி. விளைச்சல் பொய்த்த ஒரு வருடம், களஞ்சியத்துக்குள் அப்பாவின் துப்பாக்கியோடு போனவன் நடந்து வெளியே வரவில்லை. "அன்னிக்கு அது அவன் கைக்கெட்டாம இருந்திருந்தா, சாயங்காலத்துக்குள்ள மனசு மாறியிருப்பான். எனக்குத் தெரியும். நான் போட மாட்டேன்டி."

எவர் என்ன கேட்டாலும் பதில் வைத்திருப்பவர் ஆர்டிஸ். இதற்கும் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. டேலின் அடக்கத்தன்று முதல் பெஞ்சில் டெலோரஸின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அதனுடனே வந்தது. பதிலை விழுங்கிக்கொண்டார்.

"நான் மாற மாட்டேன்டி," என்றார். "நாளைக்கும் கடை வாசல்லதான் நிப்பேன்."

"யாரு உன்னை மாறச் சொன்னா? கேக்கைச் சாப்பிடு."

ஆர்டிஸ் கேக்கைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு தாளைத் திருப்பி டெலோரஸ் பக்கம் தள்ளினார்.

"நானே அடிக்கலாம். ஆனா இது உன் பேரு."

டெலோரஸ் பேனாவை வாங்கி, கணவன் எழுதிய தன் பெயரின் மேல் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள். மை ஈரமாகப் பளபளத்தது. ஆர்டிஸ் மேசைமேல் குனிந்து, அந்தக் கோடு காயும்வரை மெல்ல ஊதினார்.