யாரு மவுத்தானாலும்

ஜவாதை எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் ஏசியிருக்கிறோம். நானும்தான். கொழும்பில், கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய சந்துக்குள் வீட்டு வாசலை மாதக்கணக்காக அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரத்தை ஓட்டுகிற ஆளை வேறு என்ன செய்வது? மட்டக்குளியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவார். இடுப்பு நோவுக்குப் பெல்ட் கட்டிக்கொண்டுதான் அந்த இருக்கையில் ஏறுவார். மாறி உட்கார இன்னொருவர் இருந்தார். அவர் கத்தாருக்குப் போய்விட்டார்.

வீதியை வெட்டாமல் நிலத்துக்கு அடியால் துளைத்து, மறுமுனையில் குழாயைக் கட்டி இந்தப் பக்கம் இழுத்தெடுப்பதுதான் வேலை. சொல்ல இலகு. எங்கள் நிலமோ மேலே கபூக் என்கிற செம்பாறைக் கல், கீழே சொரிமணல். முதல் தடவை கல்லில் முனை உடைந்தது. இரண்டாம் தடவை குழாய் பாதி வந்திருக்க, ஜவாதுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, நிலத்தில் கொஞ்ச நேரம் படுத்தார். அதற்குள் மணல் சரிந்து குழாயை இறுக்கிவிட்டது. இன்னொரு தரம் இறுகினால் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இயந்திரத்துக்கு நேரே நிலாம் ஹாஜியாரின் கேட். காலையில் கதிரை போட்டு உட்கார்ந்து ஏசுவார். பத்து மணிக்கு அதே மனிதர் பிளேன்டீ கொடுத்தனுப்புவார். குழாய் இறுகிய அன்று அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இடுப்பு நோவுதெண்டு நிப்பாட்டுறதா? அடுத்த முறை யாரு மவுத்தானாலும் நிப்பாட்ட வாணாம்! வெளங்குதா?"

"வெளங்குது ஹாஜியார்," என்றார் ஜவாத்.

மூன்றாம் முறை இழுக்கத் தொடங்கிய காலையில் கதிரைக்கு ஆள் வரவில்லை. குழாய் கொஞ்சத் தூரம் வந்திருக்கும்போது உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. ஹாஜியார் கட்டிலிலேயே மவுத்தாகிப் போயிருந்தார்.

ஜவாத் இருந்த இடத்திலிருந்தே அழுதார். முகத்தைத் துடைக்கக் கை இல்லை. இரண்டும் இயந்திரத்தின் பிடியில். நான் தண்ணீர் கொண்டுபோய்ப் பருக்கினேன்.

"ஜனாஸாவுக்கு ஒரு தோளாவது குடுக்கணும் அண்ணன். எத்தின நாள் அவர்ட டீய குடிச்சேன்! எறங்கினா மணல் புடிச்சிரும்."

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோக, உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்கி வந்தார்கள். ஜனாஸா வரும்போது எழும்பி நிற்பதுதான் மரியாதை; உட்கார்ந்திருக்க ஜவாதால் முடியவில்லை. அரைவாசி எழும்பிவிட்டார். கை நிறுத்தும் பிடிக்குப் போனது. முன்னால் தூக்கி வந்த ஹாஜியாரின் மகன் ரிஷாத் சத்தம் போட்டான்.

"ஜவாத் நானா, நிப்பாட்ட வாணாம்! வாப்பா செல்லினது மறந்துட்டா?"

ஒழுங்கையில் ஒருவரும் மறக்கவில்லை. தூக்கியவர்கள் வழியை விட்டு விலகி, சேற்றுக்குள் இறங்கி, சந்தூக்கை இருக்கையின் பக்கமாகக் கொண்டுவந்து பிடித்தார்கள். ஜவாத் இயந்திரத்தின் பிடியை விடாமலே ஒரு தோளை அதற்குக் கொடுத்தார். இடுப்பு என்ன பாடுபட்டதோ தெரியாது. குழாய் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கிட்ட, குழாயின் தலை வெளியே வந்தது. கை தட்ட யாருக்கும் மனம் வரவில்லை. ஜவாத் இயந்திரத்தை அணைத்து, கைகால் கழுவி, சேறு பட்ட சட்டையோடே மையவாடிக்கு நடந்தார். தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். அடக்கிவிட்டு எல்லோரும் திரும்பியிருந்தார்கள். புது மண்ணுக்கு முன்னால் நின்று ஜவாத் ஸலாம் சொன்னார்.

"வேல முடிஞ்சி ஹாஜியார்," என்றார். "நிப்பாட்டல்ல."