குளத்தைத் தாண்டி ஓர் அடி

நான் பத்தாவது வரைதான் படித்தவள், எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சிக்கு வந்த இடத்தில், தங்கை செல்வி புல் வெட்டும் வேலை பார்க்கிற கோல்ஃப் மைதானத்தில் நிற்கிறேன். இன்று பணியாளர்களுக்கான போட்டி. செல்வியும் கூட வேலை செய்யும் முருகேசனும் சமமாக இருக்கிறார்கள். மிச்சம் கடைசிக் குழிதான். குறைந்த அடியில் பந்தை அதில் போடுபவருக்குக் கோப்பை.

நடுவில் குளம். வலப்பக்கம் சுற்றி அடித்தால் பயமில்லை, ஆனால் அடுத்த அடிக்கு வேப்பமரம் குழியை மறைக்கும். குளத்தைத் தாண்டிவிட்டால் குழி கண்ணெதிரே. முருகேசன் சுற்றித்தான் அடித்திருக்கிறார்.

"அக்கா, நீங்களும் இப்படியே வாங்க. குளத்துல மீன் பிடிச்சிட்டு நிக்காதீங்க" என்று செல்வியைப் பார்த்துச் சிரிக்கிறார்.

நான் செல்வியிடம், "சுத்தியே அடிடி" என்கிறேன்.

"அங்க போனா மரத்துக்குப் பின்னால நின்னு முழிக்கணும்க்கா. ஆடிக் காத்து கொஞ்சம் அடங்கட்டும்."

முந்தானையைச் செருகிக்கொண்டு காத்திருக்கிறாள். வேப்பிலை அசைவது நின்றதும் அடிக்கிறாள். பந்து தண்ணீரைத் தாண்டிக் குழிக்குப் பக்கத்தில் விழுகிறது. முருகேசனின் அடுத்த பந்து மரத்தில் பட்டுத் திரும்புகிறது. செல்வி மெதுவாகத் தட்டிக் குழிக்குள் உருட்டிவிடுகிறாள்.

யாரிடமும் வாய் திறக்காத நான், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத அம்மாவிடம் சொல்கிறேன்: "அது என் தங்கச்சிங்க."

மறுநாள் காலை செல்வி அதே குளக்கரையில் புல் வெட்டப் போனாள். நான் ஊருக்குப் பஸ் ஏறினேன்.