பந்திக்கு வந்த பூஞ்சணம்

தேற்றாத்தீவில் என் தங்கையின் கலியாணப் பந்தி. குளத்தில் பறித்துவந்த தாமரை இலைகளில் கபிலப் புள்ளிகள் விழுந்திருந்தன. மாப்பிள்ளையின் தாய்மாமன் உட்கார்ந்தால்தான் மற்றவர்களும் உட்காருவார்கள். அவரோ இலையில் நோயைக் கண்டவர்போல் பார்த்தபடி நின்றார்.

"வருத்தம் பிடிச்ச இலையிலயா எங்களுக்குச் சோறு?"

நான் தாவரவியல் படித்தவன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"பயப்படாதீங்க மாமா, இது இலைக்குள்ள குடியிருக்கிற பூஞ்சணம். உயிருள்ளதுதான், ஆனா தாமரையை மட்டுந்தான் தின்னும்."

உயிருள்ளது என்றதும் அவருக்குப் பின்னால் நின்ற கூட்டம் ஓரடி பின்வாங்கியது. அம்மாவின் முகம் கறுத்தது. சம்பந்தி வீட்டார் கை நனைக்காமல் போனால் உறவு அன்றோடு சரி.

என்னைச் சீண்டுவதற்கென்றே பிறந்த மச்சாள் ஒருத்தி, இருப்பதிலேயே அதிகம் புள்ளி விழுந்த இலையை என் முன்னால் விரித்தாள்.

"படிச்ச மச்சான், நீங்களே முதல்ல சாப்பிட்டுக் காட்டுங்க."

எல்லாரும் சுற்றி நின்று பார்க்கச் சாப்பிட்டேன். விஞ்ஞானத்தின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை ஒவ்வொரு கவளத்துக்கும் கொஞ்சம் ஆட்டங்கண்டது. நான் மறுபடி தயிர் கேட்ட பிறகுதான் தாய்மாமன் உட்கார்ந்தார்.

"போடு புள்ள சோத்த. இந்தத் தம்பி திரும்பக் கதைக்கத் துவங்கமுன்னம் திண்டு முடிப்பம்."