பொத்தானை அமுக்கியவள்

டிஜிட்டல் கேமரா கொஞ்சம் முன்னதாகவே பிறந்திருந்தால் என் முதுகு தப்பியிருக்கும். இன்று என் மகள் ஒரே பூனையை ஓயாமல் படம் எடுக்கிறாள், உடனே பார்க்கிறாள், பிடிக்காததை அழித்துவிட்டு அடுத்த படத்திலேயே திருந்திவிடுகிறாள். எண்பதுகளில் கோலா சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் படம் பிடிக்கக் கற்ற எனக்கோ, தவறு இன்றைக்கு நடக்கும், அடி அடுத்த மாதம் விழும். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கேமரா, கிள்ளானில் வேலை பார்த்த மாமாவுடையது. ஃபிலிம் மாட்டுவது அவர், திருகுவது அவர், ஆளை நிறுத்துவதும் அவர். பொத்தானை அமுக்குவது மட்டும்தான் என் படிப்பு. “நான் டைரக்டர், நீ கேமராமேன்லா” என்பார். பத்து வயது மூளைக்கு அது பெரிய உத்தியோகமாகத் தெரிந்தது. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் யாரையும் நான் மதிக்கவில்லை.

அந்த ஆண்டிறுதி விடுமுறையில், சுங்கை பெசார் மாப்பிள்ளை வீட்டார் அக்காவின் படத்தைக் கேட்டிருந்தார்கள். பள்ளியில் மேலே படிக்க ஆறாம் படிவம் போக வேண்டும் என்று அவள் அழுதாள். “கடையும் லோரியும் வச்சிருக்கான், இனிமே படிச்சு என்னாத்துக்கு?” என்றார் அப்பா. பட்டுச்சேலையைச் சுற்றிச் செம்பருத்தி வேலியருகே நிறுத்தினார்கள்.

“சிரி அக்கா! மூஞ்சிய உம்முனு வச்சா ஃபிலிமு வீணாப்போயிரும்!” என்று அதட்டி அதட்டி அமுக்கினேன்.

மாமா அடுத்து வந்தபோதுதான் கழுவக் கொடுத்தோம். படக்கடைச் சீனர் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கண்ணாடி மாதிரி வெறுமை. “தாக் ஜாலான் லா” என்றார். ஓடவே இல்லையாம். மாட்டும்போது ஃபிலிமின் நுனி உள்ளிருக்கும் சக்கரப் பல்லில் சிக்கவில்லை. நான் அமுக்க அமுக்க, அது இருந்த இடத்திலேயே படுத்துக் கிடந்திருக்கிறது.

வீட்டில் மாமா வேறு கதை சொன்னார். “பட்டன அமுக்குனது யாரு? நானா?”

“மாட்டுனதுதான் தப்புன்னு கடைக்காரத் தவுக்கே சொன்னாரு!” என்று கத்தினேன்.

“பெரியவங்கள எதுத்தா பேசுற?” அம்மா விளக்குமாற்றை எடுத்தார். உண்மையைச் சொன்னதற்குத் தனியாக விழுந்தது. மாமா கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டாரோ, படம் வராததால் பெண்ணுக்கு ஏதோ குறை என்று முடிவுகட்டி, வேறு இடம் பார்த்துவிட்டார்கள்.

அன்றிரவு அக்கா என் முதுகில் எண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. “இப்பிடி ஒரு படம் எவனாலயும் எடுக்க முடியாதுடி, தங்கம்!”

மாமா பழி போட்டதைக்கூடப் பொறுத்திருப்பேன். யாருக்காக அத்தனை தடவை அமுக்கினேனோ, அவளே நக்கலடித்தால்? பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படியில் போய்ப் படுத்தேன். மாதக்கணக்கில் பேசவில்லை. ஆறாம் படிவம் தொடங்கிய காலையில், சீருடையோடு பஸ் ஜன்னலிலிருந்து எனக்கு மட்டும் கையசைத்தாள். ஒரு படம்கூடத் தேறாதவளுக்கு இவ்வளவு சிரிப்பு என்ன கேடு என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.